செடியிலும் பாக்டீரியாவிலும் தூது ஆர்.என்.ஏ. உருவாகும் முறை ஏன் வேறுபடுகிறது?

பாடநூல் இரண்டையும் அட்டவணையாகத் தருகிறதே தவிர, வேறுபாட்டின் காரணத்தைச் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தை ஒட்டியவை என்பது என் கருத்து: செடி போன்ற யூகேரியோட் (உட்கரு உள்ள) செல்லில் டி.என்.ஏ.வுக்கும், புரதம் கட்டும் ரைபோசோமுக்கும் நடுவே உட்கரு உறை இருக்கிறது, பாக்டீரியாவில் இல்லை. டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்பட்டு ரைபோசோமுக்குச் செல்லும் இழைதான் தூது ஆர்.என்.ஏ.

டெல்டாவில் தை மாதம், அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன் நெற்பயிருக்குள்ளேயே தெளிக்கப்படும் உளுந்தில் இரண்டையும் ஒருசேரக் காணலாம். வளர்ந்த செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்நிறத்தைத் தரும் லெக்ஹீமோகுளோபின் புரதத்தைச் செடி உருவாக்குகிறது. காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்தும் நைட்ரஜனேஸ் நொதியை, அதே செல்லுக்குள் குடியிருக்கும் ரைசோபிய பாக்டீரியா உருவாக்குகிறது.

பாக்டீரியாவில் ஒரே வகை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்தான் (படியெடுக்கும் நொதி) உண்டு, அது எந்த முன்னியக்கியில் (படியெடுப்பு தொடங்க நொதி அமரும் டி.என்.ஏ. பகுதி) அமர வேண்டும் என்பதைச் சிக்மா காரணி என்னும் புரதம் தீர்மானிக்கிறது. நைட்ரஜனேஸின் நிஃப்-டி, நிஃப்-கே மரபணுக்கள் ஒரே தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகின்றன. நடுவே உறை இல்லாமல், இழை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாததால், ரைபோசோம்கள் அதன் முன்முனையில் ஏறிப் புரதம் கட்டத் தொடங்கிவிடுகின்றன.

செடியின் உட்கருவிலோ, இரண்டாம் வகைப் பாலிமரேஸ் எடுக்கும் முதல் படி அப்படியே பயன்படாது. இழை ஏறத்தாழ 25 நியூக்ளியோடைடு (இழையின் அலகு) நீளம் வந்ததுமே அதன் முன்முனையான 5' முனையில் மெத்தில் குவானோசின் தொப்பி ஏறுகிறது. லெக்ஹீமோகுளோபின் மரபணுவின் மூன்று இன்ட்ரான்களையும் (இடையில் வரும் நீக்க வேண்டிய பகுதிகள்) ஸ்பிளைசோசோம் என்னும் வெட்டி ஒட்டும் அமைப்பு வெட்டி எறிந்து, எஞ்சும் பகுதிகளான எக்ஸான்களை இணைக்கிறது. கடைசி முனையான 3' முனையில் அடினைன் வால் சேர்ந்த பிறகே இழை உட்கருத் துளை வழியாக வெளியேறுகிறது. (பாக்டீரியாவிலும் அடினைன் வால் உண்டு, ஆனால் அங்கே அது இழையின் சிதைவைத்தான் விரைவுபடுத்துகிறது.) வெட்டும் வேலையில் பெரும்பகுதி படியெடுத்தலோடு கூடவே நடப்பதால், ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் படங்களை அப்படியே நம்ப வேண்டாம்.

இன்ட்ரான்களை 1977இல் கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வெட்டு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு நெல்லே சான்று. ஜப்பானிகா ரகங்கள் பலவற்றில், அமைலோஸ் என்னும் மாவுப்பொருளை உருவாக்க உதவும் வாக்ஸி மரபணுவின் முதல் இன்ட்ரான் தொடங்கும் இடத்தில் ஒரு குவானின் (டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று) தைமினாக மாறியிருப்பதால் வெட்டு சரிவர விழுவதில்லை. அமைலோஸ் குறைந்து சோறு ஒட்டிக்கொள்கிறது. நம் இண்டிகா ரகங்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் குவானின் மாறாமலே இருக்கிறது.