எமரி தாளில் தொடங்குவது

அன்புள்ள சார்,

இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன் நான். உலோகங்கள் பல ஆண்டு நன்றாக உழைத்துவிட்டு ஒரு நாள் திடீரென முறிவது ஏன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து, அந்தத் துறையில் ஏதாவது ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. சென்ற விடுமுறைக்கு முன் பேராசிரியர்களுக்கு 43 மின்னஞ்சல்கள் அனுப்பினேன். மூன்று பதில்கள் வந்தன. இரண்டில் "இடமில்லை". மூன்றாவது, "முதலில் பாடத்தை ஒழுங்காகப் படியுங்கள்" என்றது. என் மதிப்பெண்கள் சுமார்தான், மறைக்கவில்லை.

என் வகுப்பு நண்பன் ஒருவனுக்கு ஏற்கெனவே இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. பணம் கட்டினான், பத்து நாளில் வெளிவந்தது. தோழி ஒருத்தி ஒரு லேபில் சேர்ந்தாள். ஆறு வாரம் பிஎச்டி சீனியர்களுக்கு எடுபிடி வேலை செய்ததுதான் மிச்சம் என்கிறாள். இளங்கலை மாணவனால் உண்மையில் ஆராய்ச்சி செய்ய முடியுமா? அல்லது இதெல்லாம் பயோடேட்டாவில் ஒரு வரி சேர்க்கும் சடங்குதானா? கட்டுரை எதுவும் வராவிட்டால் அந்த நேரம் வீண்தானே? நான் அனுப்பிய மடல்களில் ஒன்றை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்த மடல். நீங்கள் இணைத்திருப்பது ஒரு பேராசிரியைக்குப் போனது. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்குகிறது. அதற்குப் பிறகு வரும் எதையும் அவர் படித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. படித்திருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. உங்கள் ஆர்வம், உழைப்பு, சிறுவயதுக் கனவு எல்லாம் இருக்கின்றன. அவர் என்ன ஆராய்கிறார் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 43 பேருக்கும் பொருந்தும்படி எழுதிய மடலை 43 பேரும் தங்களுக்கு வந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மதிப்பெண் காரணமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் கதவு மதிப்பெண் வரைக்கும்கூடத் திறக்கவில்லை.

"எடுபிடி" என்ற சொல்லில்தான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். என் ஆராய்ச்சி அனுபவம் முழுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாம் ஆண்டில் எனக்கு ஒரு லேபில் இடம் கிடைத்தது. உலோகக் களைப்புச் சோதனை, நீங்கள் கேட்கும் அதே துறை. பெரிய கனவுகளோடு போனேன். கையில் கொடுத்தது எமரி தாள், உலோகத்தைத் தேய்க்கும் உப்புத்தாள். உயர் வலிமை எஃகில் கடைந்த, நடுவில் இடுப்பு ஒடுங்கிய சிறு தண்டுகள் இருபது. ஒவ்வொன்றையும் 220-ஆம் எண் தாளில் தொடங்கி 320, 400, 600 என்று தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். அந்த லேபின் டெக்னீஷியன், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், ஒன்றே ஒன்று சொன்னார்: "கடைசித் தேய்ப்பு நீளவாக்கில் இருக்கணும் தம்பி. சுற்றிச் சுற்றித் தேய்க்காதே." ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

பதினைந்து தண்டுகளை ஒழுங்காகத் தேய்த்தேன். பிறகு அலுத்துவிட்டது. மீதி ஐந்தைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, தாளை மேலே பிடித்தேன். தண்டுக்கு ஐந்து நிமிடம். கையால் தேய்த்ததைவிட நன்றாகவே மின்னின. யாரிடமும் சொல்லவில்லை.

சோதனை இயந்திரம் தண்டை வளைத்த நிலையில் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழற்றும். ஒரு சுற்றுக்கு ஒருமுறை அதன் மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் இழுபட்டு அமுங்கும். ஒரு கோடிச் சுற்றையும் தாங்கிவிட்டால் அந்தத் தண்டை உடையாததாகக் கணக்கில் எழுதுவோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கோடியை 3000-ஆல் வகுத்தால் 55 மணி நேரத்துக்கு மேல் வரும். எந்தச் சுமையில் எத்தனை சுற்று தாங்கியது என்று காட்டும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கும் மேலே. இரவில் இயந்திரம் தானாக ஓடும். தண்டு முறிந்தால் தானாக நின்றுவிடும், சுற்றுகளைக் கணக்கிடும் எண்ணியும் அதே இடத்தில் நின்றிருக்கும். காலையில் போய் எண்ணியைப் பார்ப்பதில் லாட்டரிச் சீட்டு பார்ப்பது போன்ற ஒரு படபடப்பு உண்டு.

பதினாறாவது தண்டு, அதே சுமையில் முன்பு ஓடியவற்றின் ஆயுளில் பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லை. பிஎச்டி சீனியர், "பொருள் கோளாறு, அந்தப் புள்ளியை விட்டுவிடு" என்றார். டெக்னீஷியன் மட்டும் முறிந்த துண்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து என்னைக் கூப்பிட்டார். விரிசல் தொடங்கிய இடம் தெளிவாகத் தெரிந்தது. தண்டைச் சுற்றி மோதிரம் போல ஓடிய மெல்லிய கீறல் ஒன்றிலிருந்து அது கிளம்பியிருந்தது. எமரி தாளின் கீறல். நான் போட்டது. இழுவிசைக்குக் குறுக்கே கிடக்கும் கீறலின் அடியில் தகைவு, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்று விழும் விசை, குவியும், நீளவாக்கில் கிடந்தால் அது அநேகமாகத் தீங்கில்லாதது. பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இதைப் பற்றித்தான். அதில் நான் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

மீதி நான்கையும் மறுபடி கையால் தேய்த்தேன். அந்தப் புள்ளியை விட்டுவிடவில்லை. காரணத்தோடு நோட்டில் எழுதி, வரைபடத்தில் தனிக் குறியோடு வைத்தோம். அந்த ஆண்டு என் பெயரில் கட்டுரை எதுவும் வரவில்லை. வீணா என்று கேட்கிறீர்கள். அதற்குப் பிறகு இருபதாண்டு பொறியாளனாக வேலை பார்த்தேன். வரிசையை விட்டு விலகி நிற்கும் ஒரு எண்ணைப் பார்த்தால், அதை அழிப்பதற்கு முன் "இதை யார் தேய்த்தது?" என்று கேட்கும் பழக்கம் அந்தக் காலையில் வந்ததுதான்.

ஆகவே எடுபிடி வேலை ஆராய்ச்சிக்கு வெளியே கிடப்பதல்ல. ஆனால் உங்கள் தோழியின் மனக்குறையையும் நான் தள்ளிவிட மாட்டேன். சுரண்டலும் இதே உருவத்தில்தான் வரும். இரண்டையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஏன் என்று கேட்டால் பதில் கிடைக்கிறதா? குழுவின் வாராந்தரக் கூட்டத்தில் உட்கார இடம் தருகிறார்களா? நீங்கள் தயாரித்த மாதிரியில் என்ன முடிவு வந்தது என்று உங்களுக்குக் காட்டுகிறார்களா? இவை இருந்தால் குடுவை கழுவுவதும் படிப்புதான். ஒரு மாதத்துக்குப் பிறகும் எதுவும் இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம், அதில் பாவமில்லை.

ஊதியம் பற்றியும் ஒரு சொல். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1969-இல் மார்கரெட் மெக்விகர் என்ற இளம் ஆசிரியர் இளங்கலை மாணவர்களுக்கான ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அவரும் அங்கேயே படித்தவர். முதலாண்டு மாணவரும் ஒரு பேராசிரியரின் நிஜமான ஆய்வில் இளைய சகாவாகச் சேரலாம் என்பதுதான் திட்டம். இன்று பல நாடுகளில் நடக்கும் இத்தகைய திட்டங்களுக்கு அது முன்மாதிரி. அங்கே மாணவர் தன் வேலைக்கு ஊதியமோ பாட மதிப்பெண்ணோ (கிரெடிட்) பெறலாம். இது சின்ன ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் விடுமுறையில் சம்பாதித்தே ஆக வேண்டிய மாணவருக்கு, இலவசமாக உழைக்கும் "வாய்ப்பு" வாய்ப்பே அல்ல. உங்கள் பல்கலைக்கழகத்தில் பாட மதிப்பெண்ணாகக் கணக்கிடும் வழி இருக்கிறதா என்று முதலில் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பல இடங்களில் விதி இருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இளங்கலை மாணவனால் முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2002 ஆகஸ்டில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ஓர் எண் பகா எண்தானா என்பதை விரைவாகவும் உறுதியாகவும் சோதிக்கும் முறையை வெளியிட்டார்கள். கணினியியலில் நெடுங்காலம் நின்றிருந்த கேள்வி அது. மூவரில் அகர்வால் பேராசிரியர். மற்ற இருவரும் கான்பூர் ஐ.ஐ.டி.யில் அப்போதுதான் பி.டெக் முடித்தவர்கள், அவர்களுடைய இறுதியாண்டு ப்ராஜெக்டே இந்தக் கேள்விதான். 2006-இல் அவர்களுக்கு, கணினியியல் கோட்பாட்டுக் கட்டுரைகளுக்குத் தரும் கோடெல் பரிசு வந்தது. மேடைகளில் எல்லோரும் சொல்லும் கதை இது.

சொல்லாமல் விடும் பகுதி எனக்கு இன்னும் முக்கியம். அதற்கு முந்தைய ஆண்டு அதே பேராசிரியரிடம் வேறு இரண்டு பி.டெக் மாணவர்கள் இதே கேள்வியின் ஒரு துண்டை எடுத்து ப்ராஜெக்ட் செய்திருந்தார்கள். அது விடை வரைக்கும் போகவில்லை. ஆனால் அடுத்த இருவர் அதன் மேல் ஏறி நின்றுதான் எட்டிப் பார்த்தார்கள், 2004-இல் அச்சான கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் அந்த 2001 அறிக்கையும் இருக்கிறது. பரிசுக் கதையில் அந்த இருவர் வருவதில்லை. நீங்களும் நானும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருப்போம், அது மதிப்பில்லாத இடம் இல்லை.

இன்னொன்றையும் அதில் கவனியுங்கள். முந்தைய ஆண்டு அந்த இருவர் கையில் இருந்தது முழுக் கேள்வி அல்ல, ஓராண்டில் தொட்டுப் பார்க்கக்கூடிய அளவு துண்டு. மாணவர் ஆராய்ச்சி தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். அறிவு குறைவதில்லை, காலம் பொருந்துவதில்லை. 1999-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாப் ட்விக்ஸும் கலிஃபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புய்க்-சுவாரியும் பத்து சென்டிமீட்டர் கனசதுரத்தில் ஒரு செயற்கைக்கோள் அளவை வகுத்தபோது எதிர்கொண்டதும் இந்தச் சிக்கலைத்தான். வழக்கமான செயற்கைக்கோளைக் கட்டி முடிப்பதற்குள் மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். வரைந்தவரே கட்டவும், கட்டியவரே அது விண்ணிலிருந்து பேசுவதைக் கேட்கவும் வேண்டுமென்றால் பெட்டி சின்னதாக இருந்தாக வேண்டும். மாணவருக்காகச் சுருக்கிய அந்த கியூப்சாட்டைப் பிறகு தொழில்துறையும் எடுத்துக்கொண்டது. 2018-இல் அந்த வகையில் இரண்டு செவ்வாய்க் கோளைக் கடந்துபோயின.

உங்கள் மடலில் "விமான உலோகங்களின் களைப்பு முறிவை முற்றிலும் தடுக்கும் புதிய பொருளைக் கண்டுபிடிக்க விரும்புகிறேன்" என்று இருக்கிறது. பதினைந்து வாரப் பருவத்தில், ஒரு புள்ளிக்கு 55 மணி நேரம் கேட்கும் இயந்திரம் ஒன்றே ஒன்று இருக்கும் லேபில் இதைப் படிப்பவர் என்ன நினைப்பார்?

நண்பனின் கட்டுரைகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. துறை அறிந்த இருவர் ஒரு கட்டுரையை உட்கார்ந்து படித்துக் குறை சொல்லி, அதைத் திருத்தி, மறுபடி அவர்கள் பார்ப்பதற்குப் பத்து நாள் போதாது. பணம் வாங்கிக்கொண்டு அப்படியே போடும் இதழ்களை, மேற்படிப்புக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருப்பவர்கள் பெயரைப் பார்த்ததும் கண்டுகொள்வார்கள். அங்கே அந்த இரண்டு வரிகள் அவனுக்கு எதிராகத்தான் பேசும். அவனிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள், தெரியாமல் விழுந்திருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது. 43 வேண்டாம், நான்கு பேரைத் தேர்ந்தெடுங்கள், முதலில் உங்கள் பல்கலைக்கழகத்திலேயே. ஒவ்வொருவரின் அண்மைக் கட்டுரையில் ஒன்றையாவது படியுங்கள். முதல் தடவையில் பாதி புரியாது, எனக்கும் புரியாது. அதில் ஒரு வரைபடத்தை எடுத்து, அதிலுள்ள எண்களைக் கொண்டு நீங்களே மறுபடி வரைய முடிகிறதா பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அதுதான் உங்கள் கேள்வி. பிறகு இப்படி எழுதுங்கள்:

"உங்கள் கட்டுரையின் நான்காவது வரைபடத்தை நானே வரைந்து பார்த்தேன், இணைத்திருக்கிறேன். குறைந்த சுமையில் இரண்டு புள்ளிகள் மட்டும் விலகி நிற்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. வாரத்துக்கு எட்டு மணி நேரம், இரண்டு பருவங்கள் என்னால் வர முடியும். மாதிரி தேய்ப்பது, அளவுகளைப் பதிவது, எந்த வேலையானாலும் செய்வேன். இந்தக் கேள்வி பற்றிப் பேசப் பத்து நிமிடம் கிடைக்குமா?"

இதில் ஆர்வம் என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? மதிப்பெண்ணும் இல்லை. கேட்டால் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் நேரில் போங்கள். பேராசிரியர் அறை பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள், லேப் திறந்திருக்கும். அங்கே காலையில் முதல் ஆளாக வந்து இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். தண்டை எந்தத் திசையில் தேய்க்க வேண்டும் என்று அவர் சொன்னால், ஏன் என்று உடனே கேட்டுவிடுங்கள்.