சொந்தமாக எழுதிப் பாடுகிறவர்களின் வரிகளில் சிரிப்பும் சோகமும் எப்படி ஒன்றாக வருகின்றன?

பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒருவரை வைத்துப் பதில் சொல்கிறேன். அமெரிக்கப் பாடகர் ஜான் ப்ரைன். இந்தக் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை.

1946இல் இல்லினாய் மாநிலத்தின் மேவுட் என்ற ஊரில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, மேற்கு ஜெர்மனியில் மெக்கானிக் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். அப்புறம் தபால்காரர். வீடு வீடாகக் கடிதம் போட்டுக்கொண்டே மனதுக்குள் பாட்டுக் கட்டினார். 1970இல் ரோஜர் ஈபர்ட் (ஆமாம், சினிமா விமர்சகர் ஈபர்ட்தான்) சிகாகோவில் ஒரு கிளப்பில் அவர் பாடியதைக் கேட்டு, 'பாடும் தபால்காரர்' என்று பத்திரிகையில் எழுதினார். அடுத்த வருடமே முதல் ஆல்பம் வந்துவிட்டது.

சோகத்தை மறைக்கத்தான் கலைஞர்கள் சிரிக்கிறார்கள் என்று பலர் சொல்வார்கள். ப்ரைன் விஷயத்தில் அது சரியில்லை என்று நினைக்கிறேன். அவர் எதையும் மறைப்பதில்லை. பாட்டில் வரும் ஜோக்கை யார் அடிக்கிறார் என்று கவனித்தால் விஷயம் புரியும். சில பாடலாசிரியர்கள் கஷ்டப்படுகிறவனை வெளியே நின்று பார்த்து வேடிக்கை செய்வார்கள். சிலர் பாட்டு ரொம்பக் கனமாகிவிட்டதே என்று நடுவில் ஒரு சிரிப்பைச் செருகுவார்கள். ப்ரைனிடம் பெரும்பாலும் ஜோக்கடிப்பவர் அந்தக் கஷ்டத்துக்குள் இருக்கும் ஆளேதான். அவர் வாழ்க்கை, அவர் நக்கல். அதனால் நாம் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். சேர்ந்து சிரித்த ஆளுக்கு அடுத்த வரியில் ஒன்று நேர்ந்தால் சும்மா இருக்க முடியுமா?

1973இல் வந்த 'ப்ளீஸ் டோன்ட் பெரி மீ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலையில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் போகிறார், செத்துப்போகிறார். அவ்வளவுதான் சாவு. மேலே போனபிறகு, அது எப்படி நடந்தது என்று தேவதை ஒன்று அவருக்கே விளக்க வேண்டியிருக்கிறது. அதற்கப்புறம் பாட்டு முழுக்க அவருடைய உயில்தான். குளிர்ந்த மண்ணில் புதைக்காதீர்கள், வெட்டிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். மூளையைச் சூறாவளியில் வீசச் சொல்கிறார். பார்வை இல்லாதவர்களுக்குக் கண்கள். காது கேளாதவர்களுக்கு இரண்டு காதுகளும், அதன் அளவு அவர்களுக்குப் பரவாயில்லை என்றால். கையில்லாத வீனஸ் சிலைக்குக் கைகள். பியருக்குப் பேர்போன மில்வாக்கி நகரத்தில் பியர் தீர்ந்துபோனால் வயிற்றை அங்கே அனுப்பச் சொல்கிறார். கிட்டார் துள்ளிக்கொண்டு போகிறது, கூட்டம் சேர்ந்து பாடுகிறது.

இந்தப் பட்டியலுக்கு நடுவில்தான் ஒரு வரி வருகிறது. இதயத்தைப் பழைய சாமான் வாங்குகிறவனுக்கு விற்றுவிடுங்கள், ரோஸிடம் என் அன்பைச் சொல்லுங்கள் என்கிறார். ரோஸ் யார்? பாட்டில் வேறெங்கும் அந்தப் பெயர் வராது. ஜானி கேஷின் பழைய பாட்டு ஒன்றில், ரயில் பாதையோரம் செத்துக்கொண்டிருக்கும் ஒருவன் தன் மனைவி ரோஸுக்கு அன்பைச் சொல்லி அனுப்புவான். அந்தப் பாட்டு தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் இன்னும் அழுத்தமாக ஒன்று தைக்கும். தெரியாவிட்டாலும் குறையில்லை. இவ்வளவு நேரம் உடம்பைத் துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, இதயம் வெறும் பழைய இரும்பு, அன்பு மட்டும்தான் ஒருத்திக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வரியை ப்ரைன் நிறுத்திப் பாடுவதில்லை. மற்ற வரிகளின் வேகத்திலேயே கடந்துவிடுகிறார். நிறுத்தியிருந்தால் அது வெறும் உருக்கமாகியிருக்கும்.

அவருடைய ரொம்ப சோகமான பாட்டுகளில் ஜோக்கே இல்லையே என்று கேட்கலாம். 'சாம் ஸ்டோன்' அப்படிப்பட்ட பாட்டுதான். வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பிய ஒருவர், வலிக்குப் போட்ட மார்ஃபீனிலிருந்து போதைக்கு அடிமையாகி, கடைசியில் செத்துப்போகிறார். சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் பல்லவியைப் பாருங்கள். அங்கே பேசுவது அவருடைய குழந்தை. அப்பாவின் கையில் ஒரு ஓட்டை இருக்கிறது, வீட்டுப் பணமெல்லாம் அதற்குள்தான் போகிறது என்கிறது. குழந்தை போடும் விடுகதை மாதிரி இருக்கிறது அது. சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்களைக் கோத்துத் திடீரென்று ஒரு உண்மையைக் காட்டுவது ஜோக்கின் வேலை. அதே வேலையை ப்ரைன் இங்கே அழவைக்கச் செய்கிறார். அவரிடம் சிரிப்பும் சோகமும் தனித்தனித் திறமைகள் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தத் திறமைக்கு அடிப்படை, மனிதர்களைப் பக்கத்திலிருந்து பார்ப்பது. முதல் ஆல்பத்திலேயே உள்ள 'ஹலோ இன் தேர்' ஒரு வயதான தம்பதியைப் பற்றியது. பிள்ளைகள் ஆளுக்கொரு திசை, ஒரு மகன் கொரியப் போரில் போய்விட்டான். அந்தக் கிழவர் தன்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த நண்பருக்குப் போன் பண்ணலாமா என்று யோசிக்கிறார். என்ன விசேஷம் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? ஒன்றுமில்லை, உனக்கு என்ன என்பேன், அவனும் பெரிதாக ஒன்றுமில்லை என்பான். போன் செய்வதற்கு முன்பே முழு உரையாடலும் மனதுக்குள் முடிந்துவிடுகிறது. கேட்டதும் புன்னகை வரும், உடனே வயிற்றைப் பிசையும்.

இதை எழுதியபோது ப்ரைனுக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. சிறுவனாக இருந்தபோது ஒரு முதியோர் இல்லத்துக்குப் பேப்பர் போட உதவியிருக்கிறார். அங்கிருந்த சிலர், பேப்பர் போட வந்த பையனைத் தங்களைப் பார்க்க வந்த பேரனாகவே பாவித்துப் பேசுவார்களாம். ஒரு பேட்டியில் அவரே சொன்னது. வெளியாள் பார்த்தால் அது வேடிக்கை. உள்ளே இருக்கும் பையனுக்கு அது வேறு.

எல்லாப் பாட்டிலும் இந்தக் கலவை எனக்கு ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பத்திரிகையில் வாசகர்களுக்கு ஆலோசனை சொல்லும் பகுதியை வைத்து எழுதிய 'டியர் ஆபி' வெறும் கிண்டலாகவே நின்றுவிடுகிறது. 1978இல் வந்த 'தட்ஸ் த வே தட் த வேர்ல்ட் கோஸ் ரவுண்ட்' பாட்டின் முதல் பத்தியில், குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் ஒருவன் வருகிறான். அப்புறம் அவளுக்குப் புதுத் துணி வாங்கித் தருகிறான். மெட்டோ படு குஷியாக இருக்கிறது. அதைக் கேட்கும்போது இன்றும் சங்கடமாக இருக்கிறது. அந்தச் சங்கடம் அவர் வேண்டுமென்றே வைத்தது என்றே நம்புகிறேன், ஏனென்றால் அடிக்கும் இடத்தில் அவர் ஜோக் எதுவும் வைக்கவில்லை. ஜோக் அடுத்த பத்தியில் வருகிறது, அதுவும் பாடுகிறவர்மீதே. குளியல் தொட்டியில் கால்விரல்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வீட்டின் சூடேற்றி பழுதாகி, தண்ணீர் உறைந்து, துணியில்லாமல் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொள்கிறார். ஐஸ் கட்டியாக அழுகிறார், செத்தால் தேவலை என்கிறார். ஜன்னல் வழியாக வெயில் வந்து பனி உடைந்ததும் எழுந்து நின்று சிரிக்கிறார்.

இந்தப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு. அதன் பல்லவியில் 'ஹாஃப் அன் இன்ச் ஆஃப் வாட்டர்' (அரை அங்குலத் தண்ணீர்) என்று வரும் இடத்தை ரசிகை ஒருவர் 'ஹாப்பி என்சிலாடா' என்று காதில் வாங்கிக்கொண்டு (என்சிலாடா ஒரு மெக்சிகோ உணவு), அந்தப் பாட்டைப் பாடுங்கள் என்று அவரிடம் கேட்டாராம். ப்ரைனுக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், 1988இல் வந்த நேரலை ஆல்பத்தில் அந்தக் கதையைச் சொல்கிறார்.

1998இல் அவருக்குக் கழுத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் கனத்து, கரகரப்பாகிவிட்டது. சிகரெட்டை விட வேண்டியதாயிற்று. 2013இல் நுரையீரலில் மறுபடி புற்றுநோய். அதையும் தாண்டி 2018இல் வெளியிட்ட ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'வென் ஐ கெட் டு ஹெவன்'. சொர்க்கம் போனதும் கடவுளிடம் கைகுலுக்குவேன், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுவேன், ஒன்பது மைல் நீள சிகரெட் பிடிப்பேன் என்கிறார். நடுவில் விளையாட்டு ஊதுகுழல் வேறு. அந்த சிகரெட்டைக் கேட்டுச் சிரிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் எழுதியவர், இருபது வருடமாக அதைத் தொட முடியாமல் இருந்த எழுபது தாண்டிய மனிதர். அதே பாட்டில் அம்மாவையும் அப்பாவையும் இறந்துபோன அண்ணனையும் தேடிப் போகிறார். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கோவிட்டால் இறந்தார்.

கேட்டுப் பார்க்க நினைத்தால் 1971இன் முதல் ஆல்பத்தில் ஆரம்பியுங்கள், ஆனால் 'சாம் ஸ்டோன்' பாட்டில் வேண்டாம். முதலில் 'ஹலோ இன் தேர்', பிறகு 1988 நேரலையில் அந்த என்சிலாடா கதை, அப்புறம் உயில் பாட்டு. ரோஸ் வரும் இடத்தைத் தவறவிடாதீர்கள், சட்டென்று போய்விடும்.