துப்பறியும் தொடர்களில் தவறுகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

தடய அறிவியல் ஆய்வகத்தில் 30 ஆண்டுகள் வேலை பார்த்தவன். சாட்சிக் கூண்டில் பலமுறை நின்றவன். தொலைக்காட்சிக் குற்றத் தொடர்களில் தவறாகத் தோன்றியதைக் கேளுங்கள்.

நீதிபதி சுத்தியலால் தட்டி அமைதிப்படுத்துகிறாரே?
நம் நீதிமன்றங்களில் சுத்தியல் கிடையாது. பகவத் கீதையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்வதும் இல்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள உறுதிமொழியைச் சொன்னால் போதும்.

குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் ஆள் சரிந்துவிடுவாரா?
மாட்டார். ஒரே மூச்சில் யாரும் மயங்குவதில்லை.

ரத்தம் தோய்ந்த சட்டையை பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைக்கிறார்கள். சரியா?
தொடர்களில் என்னை மிகவும் வருத்துவது இந்தக் காட்சிதான். ஈரத் துணியை பிளாஸ்டிக்கில் அடைத்தால் உள்ளே புழுங்கும். பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். ஒருமுறை அப்படி வந்த பொட்டலம் ஒன்றைப் பிரித்தேன். அரக்கு முத்திரை உடையும்போதே முடைநாற்றம் எழுந்தது. சட்டையின் காலர் பச்சையாகப் பூத்திருந்தது. கறை இருந்த இடத்தைத் தொட்டதும் நூல் இற்றுக் கையோடு வந்தது. அதிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு துணியையும் தனித்தனியே தாளில் பொதிந்து, பிறகு முத்திரையிட வேண்டும். ஒரு சுத்தமான தாளை விரித்துக் காட்டினாலே காட்சி சரியாகிவிடும், செலவும் இல்லை.

ஒரு தொடரில் 2025இல் கிணற்றிலிருந்து எலும்புக்கூடு எடுக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் "302" என்கிறார். புதிய சட்டப்படி 103 அல்லவா?
கொலை நடந்த நாளைப் பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302தான். நீங்கள் சொல்லும் தொடரில் அந்த மனிதர் 2021இல் கொல்லப்பட்டதாக வருகிறது. எனவே இன்ஸ்பெக்டர் சொன்னது சரி. ஆனால் பின்னொரு பகுதியில், முந்தைய இரவு நடந்த கொலைக்கும் அவர் 302 என்கிறார். அது பிழை. புதிய சட்டத்தில் 302 என்பது பிறரின் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கான பிரிவு.

(மற்றொருவர்) ஒப்புக்கொள்ள மாட்டேன். எஃப்.ஐ.ஆர். பதிவான நாள்தானே கணக்கு?
இல்லை. குற்றம் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் தண்டனை. அரசமைப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு அது. புலனாய்வு நடைமுறை மட்டும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி.

(அதே நபர்) ஒரே வழக்கில் பழையதும் புதியதுமா? நம்பவே முடியவில்லை.
ஆம், இரண்டும்தான். 2024 ஜூலைக்குப் பிறகு, பழைய குற்றங்களுக்கு அப்படித்தான் வழக்குப் பதிகிறார்கள். இதைப் பற்றி இன்னும் நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். அனைவருக்கும் இதுவே பதில்.

போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்தே தண்டனை கொடுத்துவிடுகிறார்களே?
அதுவும் தவறு. போலீஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் காட்ட முடியாது. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேரடித் தொடர்புள்ள சொற்கள் மட்டும் செல்லும்.

என் மைத்துனர் மேல் ஒரு வழக்கு இருக்கிறது...
அதை இங்கே எழுதாதீர்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

நீதிபதியின் சுத்தியல் பற்றி...
முதல் பதிலைப் படியுங்கள்.

கதை விறுவிறுப்பாக இருந்தால் போதாதா? இந்தத் தவறுகளால் யாருக்கு நஷ்டம்?
காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கு. "24 மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று ஏட்டு சொல்லும் காட்சி தொடருக்குத் தொடர் வருகிறது. அப்படி ஒரு விதி கிடையாது. சட்டத்தில் உள்ள 24 மணி நேரம், கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கான கெடு. அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டிவிட்டார்கள். பார்ப்பவர்கள் நம்பிவிடுகிறார்கள், பிள்ளையைக் காணவில்லை என்றாலும் மறுநாள் வரை காத்திருக்கிறார்கள்.

அப்படியானால் எவ்வளவு நேரம் காத்திருந்து புகார் கொடுக்கலாம்?
காத்திருக்கவே வேண்டாம். இதை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வேன். தெரிந்ததும் போய்விடுங்கள். அண்மைப் புகைப்படமும், கடைசியாக உடுத்தியிருந்த உடையின் நிறமும், கைபேசி எண்ணும் கொண்டு போங்கள். "எங்கள் எல்லையில் வராது" என்றால், எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்று சொல்லுங்கள். காணாமல் போனது குழந்தை என்றால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டிருக்கிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள்.