மறுப்பாளர் பேசும் காட்சி அவருக்கே சாதகமாகிவிடுகிறதா?

உங்கள் குறும்படத்தில் யூத இனப்படுகொலையை மறுக்கும் பேராசிரியர் ஐந்து நிமிடம் பேசுகிறார், திரைக்கதையைப் படித்த நண்பர்கள் "அவர் சொல்வதிலும் ஏதோ இருக்கே" என்றார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு வசனத்தில் இல்லை, அமைப்பில். இருவரை எதிரெதிரே உட்கார வைத்தாலே பார்ப்பவர் இதை இரு தரப்புள்ள விஷயமாக எடுத்துக்கொள்வார், அதோடு பொய்க்கு ஒரு வரி போதும், அதை உடைக்க ஆவணம், தேதி, வரைபடம் எல்லாம் வேண்டும், திரையில் அதற்கு நேரமே இருக்காது.

தன்னை இனப்படுகொலை மறுப்பாளர் என்று புத்தகத்தில் எழுதிய அமெரிக்க வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது, பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங் லண்டனில் தொடுத்த அவதூறு வழக்கைப் படியுங்கள், 2000இல் தீர்ப்பு வந்தது. இர்விங் தனக்குத் தானே வாதாடினார். இனப்படுகொலையில் உயிர் தப்பியவர்களை அவருடைய குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தக் கூடாது என்று லிப்ஸ்டாட் தரப்பு அவர்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றவே இல்லை. மாறாக, வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் எவான்ஸ் இர்விங்கின் எழுத்தை மூல ஆவணங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். திரிபுகள் ஹிட்லரைக் காப்பாற்றும் பக்கமாகவே சாய்ந்திருந்தன!

உங்களுக்கான காட்சி அங்கேதான் இருக்கிறது. பேராசிரியர் காட்டும் கடிதத்தில் அவர் விட்டுவிட்ட வரியை ஒரு மாணவி சத்தமாக வாசிக்கட்டும், அவர் பேச்சை ஒரு நிமிடமாக வெட்டுங்கள். அப்புறம், அவரைக் கத்தும் வில்லனாக்க வேண்டாம், நிஜத்தில் இப்படிப்பட்டவர்கள் பலர் ரொம்ப நாகரிகமாகத்தான் பேசுவார்கள்.