அந்நியர் பூட்டில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்து பற்றிய உங்கள் கட்டுரையில் 1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் 27 பேர் கூடியதை ‘அயர்லாந்தின் முதல் நாடாளுமன்றம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்த இடங்கள் 105. அதில் 27 பேர் மட்டும், அதுவும் எல்லோரும் ஒரே கட்சிக்காரர்கள். ஒரு கட்சியின் பொதுக்குழுக் கூட்டத்தை நாடாளுமன்றம் என்று சொன்னால் சரியாகுமா? அப்புறம், அதன் முதல் தலைவர் கஹல் புரூஹா என்கிறீர்கள். நான் படித்த இடங்களில் எல்லாம் டி வேலரா என்றுதான் இருக்கிறது. எது சரி?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். முதலில் இருந்தவர் புரூஹா, பிறகு வந்தவர் டி வேலரா. ஆனால் ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கான காரணம் உங்கள் முதல் கேள்விக்குள் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

1918 டிசம்பர் 14 அன்று நடந்தது பிரிட்டிஷ் பொதுத் தேர்தல். அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்துக்கு அதில் 105 இடங்கள். தனிக் குடியரசு கேட்ட ஷின் ஃபெய்ன் கட்சிக்கு 73, பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற யூனியனிஸ்டுகளுக்கு 26. பல பத்தாண்டுகளாக அயர்லாந்தின் குரலாக லண்டனில் உட்கார்ந்திருந்த ஐரிஷ் பாராளுமன்றக் கட்சிக்கு வெறும் 6. அந்தக் கட்சியின் தலைவர் ஜான் டில்லனே கிழக்கு மேயோவில் தோற்றார், அவரைத் தோற்கடித்த ஷின் ஃபெய்ன் தலைவர் டி வேலரா அப்போது இங்கிலாந்தில் சிறையில் இருந்தார். லண்டன் பாராளுமன்றத்துக்குப் போகமாட்டோம், அயர்லாந்திலேயே ஒரு அவை அமைப்போம் என்று ஷின் ஃபெய்ன் தேர்தல் அறிக்கையிலேயே சொல்லியிருந்தது. ஓட்டுப் போட்டவர்களுக்கு அது தெரியும். 25 தொகுதிகளில் அவர்களை எதிர்த்து நிற்கவே ஆளில்லை. இதை ஒரு கட்சியின் பொதுக்குழு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

73 இடங்கள் என்றாலும் ஆட்கள் 69 பேர்தான், ஏனென்றால் டி வேலரா, ஆர்தர் கிரிஃபித், ஓவன் மக்நீல், லியம் மெல்லோஸ் ஆகிய நால்வரும் ஆளுக்கு இரண்டு தொகுதிகளில் வென்றிருந்தார்கள். உறுப்பினர் எண்ணிக்கையைப் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறாகப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, 69 பேரில் 27 பேர்தானே வந்தார்கள், மற்றவர்கள் எங்கே? 1918 ஏப்ரலில் அயர்லாந்திலும் கட்டாய ராணுவச் சேர்ப்பைக் கொண்டுவர பிரிட்டன் சட்டம் போட்டது. நாடே எதிர்த்து நின்றது. அடுத்த மாதமே, ஜெர்மனியோடு சேர்ந்து சதி செய்கிறார்கள் என்று சொல்லி, மே 17 இரவு ஷின் ஃபெய்ன் தலைவர்களை வீடு வீடாகப் போய் அள்ளிக்கொண்டு போனார்கள். டிசம்பர் தேர்தலில் வென்றவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் அப்படிச் சிறையில் இருந்தவர்கள். இதற்கு முன்பே ஒரு ஒத்திகையும் நடந்திருந்தது. 1917 மே மாதம் தெற்கு லாங்ஃபோர்டு இடைத்தேர்தலில், சிறையில் இருந்த ஒருவரைக் கைதி உடையில் வரைந்து, இவரைப் பாராளுமன்றத்துக்குள் அனுப்பினால் சிறையிலிருந்து வெளியே வருவார் என்ற பொருளில் சுவரொட்டி அடித்தார்கள். 37 ஓட்டு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். மக்கள் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்தேதான் கைதிகளுக்கு ஓட்டுப் போட்டார்கள்.

இப்போது அந்த ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. இடம் டப்ளின் மேயரின் இல்லமான மேன்ஷன் ஹவுஸில் உள்ள வட்டக்கூடம். 1821-இல் பிரிட்டிஷ் அரசர் நான்காம் ஜார்ஜ் டப்ளினுக்கு வந்தபோது அவரை வரவேற்பதற்காகக் கட்டிய கூடம் அது. அன்று பகலில் அதே இடத்தில், ஜெர்மனியில் போர்க்கைதிகளாக இருந்து திரும்பிய டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படைவீரர்களுக்கு வரவேற்பு விருந்து நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் சீருடை போட்ட ஐரிஷ்காரர்கள் எழுந்து போக, பிரிட்டனை ஏற்காத ஐரிஷ்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு கூட்டமும் அதே ஊர்ப் பிள்ளைகள் என்பதை நான் எப்போதும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

மாலை மூன்றரைக்கு அவை தொடங்கியது. கவுன்ட் பிளங்கெட் முன்மொழிய, கஹல் புரூஹா அவைத்தலைவரானார். பிளங்கெட்டின் மகன் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர். புரூஹா அதே எழுச்சியில் உடம்பெல்லாம் காயம் பட்டு, பிழைக்கமாட்டார் என்று விடப்பட்டுப் பிழைத்தவர், அதற்குப் பிறகு கடைசிவரை காலைச் சாய்த்துத்தான் நடந்தார். நடவடிக்கைகள் பெரும்பாலும் ஐரிஷ் மொழியில். வந்திருந்தவர்களில் பலருக்கே அது முழுதாகப் புரிந்திருக்காது, இருந்தும் அப்படித்தான் நடத்தினார்கள்.

பிறகு பெயர் கூப்பிட்டார்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதிலாகத் தோன்றுவது இந்தக் காட்சிதான். வந்தவர்களின் பெயர்களை மட்டும் கூப்பிட்டிருந்தால் நீங்கள் சொல்வதுபோல் அது 27 பேர் கூட்டம். ஆனால் அவர்கள் 105 இடங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட எல்லோருடைய பெயர்களையும் கூப்பிட்டார்கள். இருப்பவர் ‘உள்ளேன்’ என்றார். சிறையில் இருப்பவரின் பெயர் வந்தபோது, ஐரிஷில் ஒரு தொடர் பதிலாக வந்தது. ‘அந்நியர் பூட்டில்’ என்பது அதன் நேர்ப்பொருள். டி வேலரா, அந்நியர் பூட்டில். கிரிஃபித், அந்நியர் பூட்டில். லண்டன் ஹாலோவே சிறையில் இருந்த கான்ஸ்டன்ஸ் மார்கீவிச்சும் அந்நியர் பூட்டில். அவர்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண், அங்கே போய் உட்காராமலே அந்த இடம் அவருக்கு வரலாற்றில் இருக்கிறது. முப்பதுக்கும் மேலே இப்படி ஒரே தொடர், திரும்பத் திரும்ப. அந்த நாளின் நடவடிக்கைக் குறிப்பை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பத்தாவது பெயரைத் தாண்டும்போது தொண்டை அடைக்கும்.

ஓர் உறுப்பினரை அவைக்கு அனுப்புவது தொகுதி. அவரைப் பூட்டி வைப்பதால் அந்த இடம் இல்லாமல் போய்விடாது, காலியாகக்கூட ஆகாது. அதைத்தான் அந்தப் பெயர்ப்பட்டியல் உரக்கச் சொன்னது. கோரம், அதாவது அவை நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பது, பற்றிக் கவலைப்படுவீர்களானால், அன்றைக்கு 707 பேர் கொண்ட லண்டன் மக்களவைக்கே கோரம் 40 பேர்தான்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு பகுதி நியாயமானது, அதை மறைக்க விரும்பவில்லை. யூனியனிஸ்டுகளின் பெயர்களையும் கூப்பிட்டார்கள், அவர்களின் தலைவர் எட்வர்ட் கார்சன் பெயர் வந்தபோது அவையில் சிரிப்பு எழுந்தது. அழைப்பும் அனுப்பியிருந்தார்கள். யூனியனிஸ்டுகளில் ராபர்ட் உட்ஸ் ஒருவர் மட்டும் வர இயலாது என்று பதில் போட்டார், மற்றவர்கள் பதிலே போடவில்லை. ஐரிஷ் பாராளுமன்றக் கட்சியின் தாமஸ் ஹார்பிசனும் காரணம் வெளிப்படை என்று எழுதி மறுத்துவிட்டார். அந்த 26 பேருக்கு ஓட்டுப் போட்ட வடகிழக்கு மக்கள் இப்படி ஓர் அவையைக் கேட்கவில்லை. அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மரியாதை, ஆனால் அதனால் அவர்கள் சம்மதித்தவர்கள் ஆகிவிடவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தும். 1920-இல் பிரிட்டன் சட்டம் போட்டு நாட்டை இரண்டாகப் பிரித்தபோது, அன்று சிரித்தவர்களிடம் அதற்கு ஒரு மாற்று யோசனை இருக்கவில்லை.

அதே பட்டியலில் இன்னொரு விசேஷம். மைக்கேல் காலின்ஸ், ஹாரி போலண்ட் இருவர் பெயரும் கூப்பிட்டபோது வந்திருப்பதாகக் குறித்துக்கொண்டார்கள். உண்மையில் இருவரும் அன்று அயர்லாந்திலேயே இல்லை. பள்ளிக்கூடத்தில் வராத நண்பனுக்காக நாம் ‘உள்ளேன் ஐயா’ சொல்வோமே, அதே வேலை, ஆனால் பிடிபட்டால் நடக்கக்கூடியது வேறு. அவர்கள் இங்கிலாந்தில் டி வேலரா இருந்த லிங்கன் சிறையைத் திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். பிற்பாடு அந்தக் குறிப்பைத் திருத்தி, ‘வரவில்லை’ என்று மாற்றினார்கள்.

லிங்கன் சிறைக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்வி அங்கேதான் இருக்கிறது. சிறைக்குள் இருந்த தேவாலயத்தில் பூசைக்கு உதவியாளராக டி வேலரா நின்றுவந்தார். பாதிரியாரின் சாவி கைக்கு எட்டிய ஒரு சமயத்தில், மெழுகுவத்தி மெழுகில் அதன் அச்சை எடுத்துக்கொண்டார். அந்த அளவை ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில், குடித்துவிட்டுப் பெரிய சாவியோடு கதவைத் திறக்கத் தடுமாறும் ஓர் ஆளின் படமாக வரைந்து வெளியே அனுப்பினார்கள். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கைப் படம், தெரிந்தவர்களுக்குச் சாவியின் சரியான அளவு. வெளியிலிருந்து கேக்குக்குள் வைத்துச் சாவி வந்தது, பொருந்தவில்லை. கடைசியில் வெட்டாத சாவியும் அரமும் கேக்கில் வர, உள்ளேயே ஒரு கைதி அராவி முடித்தார். பிப்ரவரி 3 இரவு வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் காலின்ஸும் போலண்டும் நிற்கிறார்கள். காலின்ஸ் தன்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திருப்ப, அது பூட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டது. எல்லாம் போயிற்று என்ற அந்த நிமிடத்தில், உள்ளேயிருந்து டி வேலரா தன் சாவியைச் செருகி மெல்ல அழுத்த, உடைந்த துண்டு வெளியே விழுந்தது. கதவு திறந்தது.

இனி தலைவர் விஷயம். ஜனவரி 22 அன்று அவை கூடி, புரூஹாவை ‘ப்ரீவ் ஆரா’வாக, அதாவது முதன்மை அமைச்சராகத் தேர்ந்தெடுத்தது. அவைத்தலைவர் நாற்காலிக்கு ஷான் ஓகெல்லி வந்தார், பின்னாளில் அயர்லாந்தின் குடியரசுத் தலைவராக 14 ஆண்டுகள் இருந்தவர். காலின்ஸ் உள்துறை, மக்நீல் நிதி, பிளங்கெட் வெளியுறவு, ரிச்சர்ட் மல்கஹி பாதுகாப்பு. டி வேலராவும் கிரிஃபித்தும் உள்ளே இருந்ததால் அமைந்த தற்காலிக ஏற்பாடு அது என்பது எல்லோருக்கும் தெரியும், புரூஹாவுக்கும் தெரியும். மார்ச்சில் கைதிகளை விடுவித்தார்கள். ஏப்ரல் 1 அன்று அவையில் 52 பேர் இருந்தார்கள். புரூஹா விலகி நின்றார், டி வேலரா தேர்ந்தெடுக்கப்பட்டார். புரூஹா பாதுகாப்பு அமைச்சரானார், காலின்ஸ் நிதிக்கு வந்தார், மார்கீவிச் தொழிலாளர் நல அமைச்சரானார். பத்து வாரம் ஒரு நாட்டின் முதல் தலைவராக இருந்த ஒருவர், உரியவர் வந்ததும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்து இடம் கொடுத்தார். அந்த எழுந்துகொள்ளலுக்காகவே அவர் பெயரை விடாமல் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகும் அந்த நாற்காலி ஒரே இடத்தில் இருக்கவில்லை. டி வேலரா 1919 ஜூனில் ஆதரவு திரட்ட அமெரிக்கா போனார், திரும்பியது 1920 டிசம்பரில். இடையில் கிரிஃபித் பொறுப்பில் இருந்தார். 1920 நவம்பரில் கிரிஃபித் கைதானதும் பொறுப்பு காலின்ஸிடம் வந்தது. 1919 செப்டம்பரிலேயே பிரிட்டிஷ் அரசு அவையைத் தடை செய்துவிட்டது, ஆனால் ஒளிந்து ஒளிந்து கூடிக்கொண்டும், நீதிமன்றங்கள் நடத்திக்கொண்டும், மக்களிடம் கடன் பத்திரம் விற்றுக்கொண்டும் இருந்தது. இரண்டரை லட்சம் பவுண்டு திரட்டக் கிளம்பி, அதைத் தாண்டி வசூலித்தார்கள். மத்திய கார்க் உறுப்பினர் டெரன்ஸ் மக்ஸ்வீனி 74 நாள் உண்ணாவிரதம் இருந்து 1920 அக்டோபர் 25 அன்று பிரிக்ஸ்டன் சிறையில் இறந்தார். வன்முறையை ஏற்க முடியாமல் பதவியை விட்டு விலகிய உறுப்பினரும் உண்டு. முதல் கூட்டம் நடந்த அதே நாள் டிப்பரரியில் சோலோஹெட்பெக் என்ற இடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவை அதற்கு உத்தரவு கொடுக்கவில்லை. அவர்களும் ஐரிஷ்காரர்கள்தான்.

அந்தப் பட்டியலை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்கு இன்னொரு காரணம் 1922. பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று இதே ஆட்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், காலின்ஸ் ஏற்ற தரப்பில் நின்றார். அன்று அவைத்தலைவராக இருந்த புரூஹா 1922 ஜூலையில் டப்ளின் தெருவில், காலின்ஸ் தரப்புப் படையின் குண்டு பட்டு இறந்தார். லிங்கன் சிறை வாசலில் காலின்ஸோடு தோளோடு தோள் நின்ற போலண்டும் அடுத்த மாதத் தொடக்கத்தில் அதே படையின் குண்டுக்கு இறந்தார். ஆகஸ்ட் 12 அன்று கிரிஃபித் நோயில் போனார். பத்து நாள் கழித்து காலின்ஸ், எதிர்த்தரப்பின் குண்டுக்கு. டிசம்பரில் மெல்லோஸைப் புதிய அரசே சுட்டது.

நீங்கள் அந்த முதல் நாள் நடவடிக்கைக் குறிப்பைத் தேடிப் படியுங்கள், ஐரிஷ் நாடாளுமன்றமே இணையத்தில் போட்டிருக்கிறது. படிக்கும்போது கிழக்கு டிப்பரரி என்ற தொகுதியில் பியர்ஸ் மக்கேன் என்ற பெயரைப் பாருங்கள். அவரும் அந்நியர் பூட்டில்தான் இருந்தார். எல்லோரையும் விடுவித்துக்கொண்டிருந்த மார்ச் மாதத்தில், 6-ஆம் தேதி, இங்கிலாந்தின் க்ளாஸ்டரில் காவலில் இருந்தபடியே ஃப்ளூ காய்ச்சலில் இறந்துபோனார். முதல் அவையில் முதலில் இறந்த உறுப்பினர் அவர். அந்தக் கூடத்துக்குள் அவர் ஒருநாள்கூட வந்ததில்லை, அவர் இடத்துக்கு வேறு யாரையும் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

அன்புடன்