20,000 ரூபாயில் மினி டில்லர் வாங்கலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 15 சென்ட் செம்மண் நிலம் இருக்கிறது. நாலைந்து வருடமாகச் சும்மா கிடந்ததில் அருகும் கோரையும் மண்டிவிட்டன. கத்தரி, வெண்டை, கீரை போட ஆசை. ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாகவில்லை. கையில் 20,000 ரூபாய்தான் இருக்கிறது. இணையத்தில் 63 சிசி மினி டில்லர் ஒன்று 15,000-க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்த விலையில் வருகிற 63 சிசி மெஷின் என்பது பெரும்பாலும் புல் வெட்டும் மெஷினில் இருக்கிற அதே டூ ஸ்ட்ரோக் இன்ஜின், கீழே ஒரு கியர் பாக்ஸ், இரண்டு பக்கமும் பிளேடு, அவ்வளவுதான். சக்கரம் தனியாக ஓட்டாது, சுற்றுகிற பிளேடுதான் மெஷினை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். இறுகிப்போன செம்மண்ணில் அதை இறக்கினால், எடை இல்லாததால் பிளேடு மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே குதித்து ஓடும், நீங்கள் பின்னாலேயே இழுபட்டுப் போவீர்கள். அரை நாளில் தோள்பட்டை போய்விடும். ஏற்கெனவே பொலபொலவென்று இருக்கிற பாத்தியில் அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் உங்கள் நிலம் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லையே.

இதைவிட முக்கியமான விஷயம் அந்த அருகும் கோரையும். சுற்றும் பிளேடு எதுவானாலும் அருகம்புல்லின் கொடியைத் துண்டு துண்டாக வெட்டும், ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாக முளைக்கும். கோரைக் கிழங்கும் அப்படித்தான், சங்கிலியாகக் கோத்துக் கிடப்பதை அறுத்து நிலம் முழுக்கப் பரப்பிவிடுவீர்கள். அதனால் முதல் உழவுக்குச் சுற்றும் பிளேடு உள்ள ரோட்டவேட்டரே வேண்டாம். கோடை மழை ஒன்று பெய்ததும் வாடகை டிராக்டரில் 5 கலப்பையோ 9 கலப்பையோ மாட்டி ஆழமாக உழுதுவிடுங்கள், கொடியும் கிழங்கும் மேலே வந்து வெயிலில் காயட்டும், மேலே கிடப்பதை வாரி வெளியே போடுங்கள். பத்துப் பதினைந்து நாள் விட்டுக் குறுக்கே இன்னொரு உழவு. கோரை ஒரே கோடையில் ஒழியாது, ஆனால் பாதிப் போர் இங்கேயே முடியும். டிராக்டர் நுழைய வழி இல்லையென்றால் பவர் டில்லர் வைத்திருப்பவரிடம் கலப்பை மாட்டி உழச் சொல்லுங்கள்.

சரி, அதற்கப்புறம் எந்த மெஷின்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 சென்ட் என்பது சுமார் 6,500 சதுர அடி. ஓர் அடி அகலம் கிளறுகிற மெஷினோடு ஒருமுறை முழுக்க ஓட்டினால் 6,500 அடி, அதாவது ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரண்டு ஓட்டு என்றால் 4 கிலோமீட்டர், அதுவும் கையில் அதிர்வோடு. அதனால் சிசி எவ்வளவு என்று கேட்காதீர்கள். எடை எவ்வளவு, எவ்வளவு அகலம் கிளறும், ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று கேளுங்கள். காய்கறித் தோட்டத்துக்கு 5 முதல் 7 எச்பி வரை உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் பவர் வீடர் (பின்னால் நடந்தபடி களை எடுக்கவும் மண் கிளறவும் ஓட்டுகிற மெஷின்) போதும். 9 எச்பி டீசல் 100 கிலோவுக்கு மேல் போகும், வரப்போரம் திருப்புவதற்கே ஆள் வேண்டும், உங்கள் நிலத்துக்கு அது தேவையே இல்லை.

இந்த ஃபோர் ஸ்ட்ரோக் உங்கள் 20,000-க்குள் வராது என்பது தெரியும். அதனால்தான் அந்தப் பணத்தை முழு விலையாக நினைக்காமல் உங்கள் பங்காக நினைக்கச் சொல்கிறேன். வேளாண்மைப் பொறியியல் துறை பவர் வீடருக்கு மானியம் தருகிறது, சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். சிட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு நேரில் போய் 15 சென்ட்டுக்குக் கிடைக்குமா, முழுப் பணத்தையும் முதலில் கட்ட வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். தயவுசெய்து மெஷினை வாங்கிவிட்டு மானியம் கேட்டுப் போகாதீர்கள். அனுமதி வந்த பிறகு, அவர்கள் பட்டியலில் உள்ள மாடலைத்தான் வாங்க வேண்டும்.

மானியம் கிடைக்கவில்லையா? அப்போதும் 15,000-ஐ அந்த 63 சிசியில் போடச் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு இரண்டு உழவு வாடகைக்கு, இடையில் களைக்கு நின்றபடியே தள்ளுகிற சக்கரக் களைக்கொத்தி ஒன்று. சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும், பெட்ரோல் செலவும் இல்லை.

எந்தக் கடையில் வாங்கினாலும் உங்கள் மண்ணில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், கடை வாசலில் ஓடுவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கைப்பிடியை விட்டதும் பிளேடு நிற்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிளேடு, கார்புரேட்டர், ஸ்டார்ட்டர் கயிறு, ஆயில் சீல் இதெல்லாம் ஒட்டன்சத்திரத்திலோ திண்டுக்கல்லிலோ கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: பழைய 7 எச்பி பவர் வீடர் 18,000-க்கு வருகிறது. கரிசல் காடு. எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், ஆறிய பிறகு நீங்களே கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் மாற்றுகிற வேலை இருக்கிறது. கியர் பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, இரும்புத் துகள் மின்னினால் பல் தேய்கிறது, இரண்டில் எது இருந்தாலும் விட்டுவிடலாம். பிளேடு தேய்ந்திருப்பது பெரிய குறை இல்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், அது இல்லாமலே ஓட்டியிருந்தால் புழுதி உள்ளே போய் இன்ஜின் பாழாகியிருக்கும்.

கரிசலில் மெஷினைவிடப் பதம்தான் பெரிது. ஈரம் கூடினால் பிளேடில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் கல்லாகிவிடும். ஒரு பிடி மண்ணை அமுக்கி உருண்டையாக்கிக் கீழே போடுங்கள், உதிர்ந்தால் ஓட்டலாம், அப்படியே உட்கார்ந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

கேள்வி: மூன்று மாதம் நிறுத்தி வைத்திருந்த பவர் வீடர் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்.
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: மாற்றும் முன் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் தேங்கினால் கார்புரேட்டரின் சின்னத் துளைகள் அடைத்துக்கொள்ளும். பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், ஸ்பார்க் பிளக்கையும் துடைத்துப் போடுங்கள். அடுத்த முறை நிறுத்தும்போது பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, உள்ளே இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், டேங்க்கையும் காலி செய்துவிடுங்கள்.