காரை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓட்டுவதற்கும் 60-இல் ஓட்டுவதற்கும் வெறும் 10 கி.மீ. தானே வித்தியாசம், அதில் உயிர் போகுமா?

போகும். காருக்கு 28 மீட்டர் முன்னால் ஒருவர் சாலையில் இறங்குகிறார் என்று வையுங்கள். காய்ந்த சாலை, நல்ல பிரேக். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி. 50-இல் வரும் கார் அந்த நொடியில் 14 மீட்டர் ஓடி, அடுத்த 14 மீட்டருக்குள் நின்றுவிடும். 60-இல் வருவது பிரேக் பிடிக்குமுன்பே 17 மீட்டரைத் தின்றுவிடும். மிச்சம் 11 மீட்டர்தான். அவர்மேல் மோதும்போது வேகம் சுமார் 40 கி.மீ. இரண்டு மாடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். (மழையில் இன்னும் மோசம்.)

காரணம், இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: வேகம் 20% கூடினால் ஆற்றல் 44% கூடும். உயிரிழப்பு அதையும் மிஞ்சும். சுவீடன் ஆய்வாளர் நில்சனின் கணக்குப்படி, சாலையின் சராசரி வேகம் 5% உயர்ந்தாலே உயிர்பலி விபத்துகள் ஏறத்தாழ 20% அதிகரிக்கும்.